கேட்டில் நிறுத்திய விமானி

விக்கி,

இந்தக் கடிதத்தை, பறந்த நேரத்தையெல்லாம் நீ எழுதிவைக்கும் உன் லாக் புக்கின் மேல் வைத்திருக்கிறேன். எதை மறந்தாலும் அதை மறந்துவிட்டுக் கிளம்பமாட்டாய் என்று தெரியும். கவரை ஒட்டவில்லை. அப்பா எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும். இதில் பாதி அவருக்குத் தெரியும், மீதிப் பாதிக்கு அவரிடமும் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. புதன்கிழமையிலிருந்து எழுதுகிறேன். ஃபேக்டரியில் சாப்பாட்டு இடைவேளையில் அரைப் பக்கம், வீட்டில் டிபன் பாக்ஸ் கழுவிய பிறகு ஒரு பக்கம். இன்று ஞாயிற்றுக்கிழமை. உன்னைக் கறிக்கடைக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பதினோரு மணிக்குக் காக்கா சார் உன்னை வழியனுப்ப வருகிறார். அதற்குள் நீ இதைப் படித்துவிட வேண்டும். நம் குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு அவர் வருவது இதுதான் முதல் முறை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது இல்லை.

என் வேலையே சந்தேகப்படுவதுதான், உனக்குத் தெரியும். தைத்து வரும் ராணுவச் சட்டைகளை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துத் தையல் விட்டிருக்கிறதா, நூல் பிசிறியிருக்கிறதா என்று பார்ப்பதில் என் பத்தொன்பது வருடம் போயிருக்கிறது. ஒரே ஒரு முறை, நீ ஒன்பதாம் வகுப்பில் காய்ச்சலாகக் கிடந்தபோது, வீட்டுக்கு ஓடும் அவசரத்தில் ஒரு கட்டைப் பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கட்டில்தான் அக்குள் தையல் முழுக்கக் கோணல். மெமோ வந்தது. அன்றிலிருந்து நல்ல சட்டையையும் நான் நல்ல சட்டையாகப் பார்த்ததில்லை. இன்னும் தப்பு கண்டுபிடிக்காத சட்டை, அவ்வளவுதான். இந்தப் பழக்கத்தை மேசையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வரத் தெரிந்திருந்தால் நமக்குள் பல விஷயம் வேறு மாதிரி நடந்திருக்கும்.

போன ஆடி மாதம் நீ ஃப்ளையிங் ஸ்கூலிலிருந்து திடீரென்று வந்து நின்றாய். விமானம் சர்வீஸில் இருக்கிறது, அதனால் லீவ் என்றாய். நான் நம்பவில்லை, கேட்கவும் இல்லை. நீ காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அறைக்குள்ளேயே கிடந்தாய். எங்களோடு நாலு வார்த்தைக்கு மேல் பேசாத பிள்ளை, உள்ளே இணையத்தில் யாரோ முகம் தெரியாதவர்களோடு விழுந்து விழுந்து சிரித்தாய். நான் கதவோரம் துணி மடிப்பதுபோல் நிற்பேன். அப்பா திருமழிசை லேத் பட்டறையிலிருந்து எண்ணெய் வாசனையோடு வந்து நின்று என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

"இன்னாடி இது, ஊட்டுக்குள்ளயே சிஐடி வேலையா? புள்ள சிரிக்கிறான்ல, உடு."

"யார்கூட சிரிக்கிறான்னு தெரிய வேணாமா?"

"தெரிஞ்சிகினு இன்னா பண்ணப் போற? நீயும் கூட சேந்து சிரிக்கப் போறியா?"

உன்னிடமே ஒரு நாள் கேட்டேன். யாருடா அவங்க? "பைலட்டுங்கமா. பாதிப் பேர் என்ன மாதிரி டிரெயினிங்ல இருக்கறவங்க, மீதிப் பேர் வேலைல இருக்கறவங்க, ரிட்டயர் ஆனவங்க" என்றாய். பேர் என்ன என்றேன். "பேர் கேக்கக் கூடாதும்மா. அதான் அங்க ரூல்." எல்லோருக்கும் பட்டப்பெயர்தான்: காக்கா, சால்னா, ஜெட்லாக் அக்கா. உனக்குக் குருவி. பெயரும் கம்பெனியும் தெரியாமல் இருந்தால்தான் தாங்கள் செய்த தப்பையெல்லாம் வேலைக்குப் பயப்படாமல் வெளியே சொல்ல முடியும் என்று விளக்கினாய். எனக்கு அது விளக்கமாகவே படவில்லை. பெயரை மறைக்கிறவன் வேறு எதையோ மறைக்கிறான் என்றுதான் தோன்றியது. எங்கள் செக்‌ஷன் நோட்டீஸ் போர்டில் ஒரு சுற்றறிக்கை எப்போதும் ஒட்டியிருக்கும். முன்பின் தெரியாதவர்களோடு இணையத்தில் பழகாதே, வேலை செய்யும் இடத்தையும் குடும்பத்தையும் பற்றி யாராவது விசாரித்தால் உடனே தெரிவி என்று. அதைத் தினமும் கடந்து போகிறவள் நான். ஒரு சாயங்காலம் உன் ஹெட்போன் ஒயர் கழன்று, காக்காவின் குரல் அறைக்கு வெளியே கேட்டது. "குருவி, ஆவடில எங்க கீற? குவார்ட்டர்ஸா? அம்மாவுக்கா அப்பாவுக்கா, யாருக்கு அங்க வேல?" கையிலிருந்த உன் சட்டையை மறுபடியும் பிரித்து மறுபடியும் மடித்தேன். சுற்றறிக்கையில் இருந்த கேள்வி அப்படியே என் வீட்டுக்குள் வந்துவிட்டது.

ஆவணியில் நீங்கள் எல்லோரும் நேரில் சந்திக்கப்போவதாகச் சொன்னாய். சால்னாவின் (பெயர் நிஸார் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது) அப்பாவுக்குப் பூந்தமல்லியில் பிரியாணிக் கடை, மாடியில் உட்கார்ந்து பேசலாம் என்றாய். இப்போது சொல்கிறேன்: நானும் அங்கே இருந்தேன். அப்பாவை வண்டி எடுக்கச் சொல்லி உனக்கு முன்பே போய், பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஃபேமிலி ரூமில் உட்கார்ந்திருந்தேன். அப்பா வெட்கமே இல்லாமல் ரெண்டு பிளேட் சொன்னார். "வேவு பாக்க வந்தா பட்டினியா பாக்கணும்னு சட்டமா? துன்னு."

முதலில் ஒருவரையொருவர் பார்த்து நீங்கள் போட்ட கூச்சல். "யோவ் சால்னா, நீ இவ்ளோ ஒல்லியா? குரல கேட்டா நூறு கிலோ இருப்பேன்னு நெனச்சேன்" என்று ஒரு பெண் குரல், அது ஜெட்லாக் அக்கா. "நீங்க மட்டும் இன்னா சார், காக்கான்னு பேர வெச்சிகினு செவசெவன்னு கீறீங்க!" இது நிஸார். தடுப்பின் இடுக்கில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கைகள்தான். ஆளுக்கொரு உள்ளங்கை விமானமாகி, ஒன்று சாய்ந்து திரும்ப, ஒன்று தண்ணீர் ஜக்கைச் சுற்றி வந்து வாழை இலையில் இறங்கியது. காக்காவின் கை மட்டும் அசையாமல் மேலே நின்று பிறகு நேராகக் கீழே இறங்கும். அவர் ஹெலிகாப்டர் ஓட்டியவர்.

அவர் வெள்ளக் கதை சொன்னார். உனக்கு அது மனப்பாடமாகியிருக்கும். எனக்கு ஒரு முறை கேட்டே மனப்பாடம். "மொட்ட மாடில நாலு பேரு. நாலு பேரையும் இஸ்து ஏத்திகினேன். அதுல ஒரு அம்மா மிக்சியோடதான் ஏறுவேன்றாங்க. ஏறுமா தாயே, ஒனக்கும் மிக்சிக்கும் சேத்து எடம் கீதுன்னேன். எறக்க வேண்டிய எடம் ஒரு ஸ்கூல் கிரவுண்டு. பாத்தா நட்ட நடுவுல எரும! நம்ம காத்துல மனுசனே பறப்பான். அது வால ஆட்டிகினு நிக்குது. ஒரு சுத்து சுத்தி வந்தேன், நிக்குது. ரெண்டாவது சுத்து, போனா போவுதுன்னு நவுந்துச்சு. எறங்கி மூணு பேரையும் மிக்சியையும் ஒப்படைச்சேன். அந்த எரும மட்டும் என்னைய ஒரு பார்வ பாத்துச்சு பாரு, லைசென்ஸ் எங்கன்ற மாரி!"

மேசையே அதிர்ந்து சிரித்தது. அப்பாவும் இந்தப் பக்கம் சோற்றை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். நான் சிரிக்கவில்லை. ஏறியது நாலு, இறங்கியது மூணு. ஆள் மாட்டிக்கொண்டான் என்றிருந்தது எனக்கு. நிஜமாக நடந்திருந்தால் எண்ணிக்கை மாறுமா? இந்த ஆள் ஹெலிகாப்டரைப் படத்தில்தான் பார்த்திருப்பான் என்று முடிவு கட்டினேன்.

அதற்குப் பிறகு நீ பேசினாய், விக்கி. ஐந்தாவது சோலோ, கூட யாரும் இல்லாமல் தனியாக ஓட்டியது என்றாய். இறங்கும்போது பக்கத்திலிருந்து காற்று அடித்ததாம். முதல் முறை தரையைத் தொட்டு எகிறியது, இரண்டாவது முறை இன்னும் உயரமாக எகிறியது. "அப்போ நான் கைய எடுத்துட்டேன் சார். கண்ட்ரோல விட்டுட்டு சும்மா உக்காந்துட்டேன். பிளேன் தானா போய்ப் புல்லுல நின்னுச்சு. அதுக்கப்புறம் நான் ஏறல. இனிமே ஏறவும் மாட்டேன்." பிறகு ஜெட்லாக் அக்கா மெதுவாகக் கேட்டாள், வீட்டில் தெரியுமா என்று. நீ சொன்னாய்: "அம்மாகிட்டயா? எங்க அம்மா இன்ஸ்பெக்‌ஷன் அக்கா. எங்க பிசிறுன்னுதான் பாப்பாங்க." எல்லோரும் சிரித்தார்கள். நீயும்தான். காக்கா மட்டும், "இங்க வாணாம் குருவி, இதுங்க கலாய்ப்பானுங்க. ஒரு நாள் நானே உன் ஊட்டுக்கு வரேன், தனியா பேசலாம்" என்றார். அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டிருந்தார். எனக்கு என்ன ஆயிற்று என்று அன்று எனக்கே தெரியவில்லை. அந்த ஆள் பொய்யன், ஃபேக்டரிக்காகத்தான் உன்னைச் சுற்றி வருகிறான் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். என் பிள்ளை என்னிடம் சொல்லாததைப் பெயர் தெரியாத ஒருவனிடம் சொன்னானே என்பதுதான் விஷயம். அதைச் சந்தேகம் என்று கூப்பிடுவது எனக்கு வசதியாக இருந்தது.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, "நாளைக்குக் காக்கா சார் வராரும்மா, கேட்ல பேர் குடுத்துடு" என்றாய். குவார்ட்டர்ஸ் என் பெயரில் இருப்பதால் விருந்தாளிக்கு நான்தான் சொல்ல வேண்டும். பேர் தெரியாத ஆளுக்கு எப்படிப் பேர் கொடுப்பது என்றேன். உன் பெயரையும் வீட்டு நம்பரையும் அவருக்குச் சொல்லியாயிற்று, வந்து தன் பெயரை அவரே சொல்வார், கேட்டிலிருந்து போன் வரும்போது சரியென்று சொன்னால் போதும் என்றாய். மறுநாள் அப்பாவுக்கு ஓவர்டைம். நீ அவருக்காகக் கோழி வாங்க மார்க்கெட் பக்கத்து கேட் வழியாகப் போயிருந்தாய். அப்போது மெயின் கேட்டிலிருந்து இன்டர்காம் அடித்தது. செக்யூரிட்டி துரை அண்ணன்.

"மேடம், ஒருத்தர் வந்துகீறாரு. நம்ம விக்கி தம்பிய பாக்கணுமாம். பேரு கேட்டா, காக்கான்னு சொல்லு தெரியும்ன்றாரு" என்று சிரித்தார்.

"அப்படி யாரையும் எங்களுக்குத் தெரியாது. விக்கி ஊர்லயே இல்லைன்னு சொல்லிடுங்க."

"முட்டி வலியாம் மேடம். ரெண்டு பஸ்சு மாறி வந்தேன்றாரு. குந்திகினு கீறாரு."

"உட்கார்ந்துட்டுப் போகட்டும்."

நீ கோழியோடு வந்தாய். நான் மசாலா அரைத்தேன். மூன்று மணி வரை சாப்பிடாமல் பால்கனியில் நின்றாய். அவர் ஒரு மணி நேரம் கேட்டில் உட்கார்ந்துவிட்டுப் போனதாகப் பிறகு தெரிந்துகொண்டேன். நீ ஊரில் இல்லை என்று வீட்டிலிருந்தே சொன்னதால், உனக்குத் தன்னைப் பார்க்க விருப்பமில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். அவர் ஏமாற்றிவிட்டார் என்று நீ எடுத்துக்கொண்டாய். போன் நம்பர் கொடுத்துக்கொள்வதும் உங்கள் ரூலில் கிடையாது. அன்று சாயங்காலமே அந்தக் குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டு, ஆறிப்போன குழம்பைப் பிசைந்துகொண்டே என்னிடம் சொன்னாய்: "நீ சொன்னது கரெக்ட்மா. அந்த ஆளும் டூப்புதான்." விக்கி, உன் முகம் அப்போது எப்படியிருந்தது என்று எனக்கு ஞாபகமே இல்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்ற நினைப்பில் உன் தட்டில் இன்னொரு துண்டு வைத்தேன், அதுதான் ஞாபகமிருக்கிறது.

அதற்குப் பிறகு உன் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வரவில்லை. எந்தச் சத்தமும் வரவில்லை. தை மாதம் பழைய பேப்பர்காரருக்குப் போட வைத்திருந்த கட்டை, வேண்டியது எதுவும் போய்விடக் கூடாதே என்று வழக்கம்போலப் பிரித்துப் பார்த்தேன். நடுவில் உன் லாக் புக் இருந்தது. கடைசியாக எழுதிய வரி ஆடி மாதத்தோடு நின்றிருந்தது. அதற்குக் கீழே கோடு போட்ட வெற்றுப் பக்கங்கள். அந்தப் பிசிறை நான் எந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது? லாக் புக்கைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு நேராக மெயின் கேட்டுக்குப் போனேன். வருகைப் பதிவேட்டில் நம்பர் இருந்தால் பேசலாம், இல்லையென்றால் அந்த ஆள் நிஜமாகவே டூப்பு என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இரண்டாவதைத்தான் அப்போதும் எதிர்பார்த்தேன்.

துரை அண்ணன் பழைய நோட்டைத் தேடி எடுத்தார். "இவருதானே மேடம்? கதையே எழுதிட்டுப் போனாரு." பெயர், போன் நம்பர், விலாசம் எல்லாம் இருந்தன. உங்கள் கூட்டத்தில் யாருக்கும் சொல்லாத பெயரை அவர் எங்கள் கேட் நோட்டில் முழுதாக எழுதியிருந்தார். 'வந்த காரணம்' என்ற கட்டத்தில் எல்லோரும் 'பர்சனல்' என்று போட்டிருக்க, அவர் எழுத்து மட்டும் கட்டத்தைத் தாண்டிக் கையெழுத்து இடம் வரை போயிருந்தது. 'விக்னேஷைப் பார்க்க. நானும் எட்டு மாதம் பறக்காமல் இருந்தேன் என்று சொல்ல.'

மறுநாள் லீவ் போட்டுவிட்டு, அப்பாவிடமும் சொல்லாமல் சென்னீர்குப்பம் போனேன். அவர் அபார்ட்மெண்ட் வாசலிலும் ஒரு நோட்டு. வந்த காரணத்துக்கு என்ன எழுதுவது என்று நான் பேனாவோடு நின்றதைப் பார்த்து வாட்ச்மேன், "இன்னாம்மா பரிட்சையா எழுதற? பர்சனல்னு போட்டுட்டுப் போ" என்றார். போட்டேன். கதவைத் திறந்த காக்கா சாரிடம், நான் குருவியோட அம்மா என்றேன். இன்டர்காமில் அப்படிச் சொன்னது நான்தான், உங்கள் குருவி இல்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. "ஊர்லதான் கீறான்னு அன்னிக்கே தெரிஞ்சிபோச்சும்மா. ஊர்ல இல்லைன்னாங்க, ஆனா மார்க்கெட் பக்கம் அவன் கோழியோட போறத டீக்கடைலேர்ந்து பாத்தேன். சரி, புள்ளைக்குப் புடிக்கலன்னு வந்துட்டேன்" என்றார். அப்போதும் என் குணம் விடவில்லை. எங்கே வேலை என்று ஏன் விசாரித்தீர்கள் என்று கேட்டேன். "அவன் பேச்சுல ஏதோ சரியில்லன்னு பட்டுச்சு, வந்து பாக்கலாம்னு அப்பவே நெனச்சேன். குவார்ட்டர்ஸ்னா பாஸ் வேணுமே, யாரு பேருல கேக்கறதுன்னுதான்" என்றார். அடுத்ததையும் கேட்டுவிட்டேன். சார், மாடியிலிருந்து ஏறினது நாலு பேர். கிரவுண்டில் இறங்கினது மூணு பேர்தானே?

அவர் எழுந்துபோய் மின்விசிறியைக் கூட்டிவைத்துவிட்டு வந்தார். நாலாவது ஆள், அந்த மிக்சி அம்மாவின் வீட்டுக்காரர். ஏற்றும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாராம். இறங்கும்போது உயிர் இல்லை. "அந்த எருமைக்காக ரெண்டு சுத்து சுத்தினேன்மா. மொத சுத்துலயே ஓரமா எறக்கியிருக்கலாமான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. எட்டு மாசம் மிஷின்ல ஏறல. சிரிச்சிகினு சொன்னாத்தான் அது வாயிலேர்ந்து வெளிய வருது. நாலுன்னு ஆரம்பிப்பேன், மூணுன்னு முடிப்பேன். இத்தினி வருசமா எத்தினி பைலட்டுங்ககிட்ட சொல்லிகீறேன், ஒருத்தனும் கணக்கு கேக்கல. நீங்கதான் கேட்டீங்க."

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் தற்செயலாக நடந்தது என்று நினைக்கிறாய். நிஸார் உன்னைக் கடைக்கு இழுத்துப்போனதும் அங்கே காக்கா சார் உட்கார்ந்திருந்ததும் நாங்கள் பேசி வைத்தது. அன்று வீட்டுக்கு வந்து நீ சொன்னாய்: "பாவம்மா, அன்னிக்கு முட்டி மக்கர் பண்ணி வர முடியலயாம். தப்பு என்னுதுன்னு மன்னிப்பு கேட்டாரு." நான் சப்பாத்தி இட்டுக்கொண்டிருந்தேன். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவர் தானாகச் சொன்ன பொய் அது. வந்த மனிதர் வராதவராகி மன்னிப்புக் கேட்டார். துரத்திய நான் மாவு தொட்டு அடுத்த உருண்டையை எடுத்தேன். மறுபடி பறக்கப்போகிறேன், லாக் புக் எங்கே என்று நீ தேடியபோது, பத்திரமாக எடுத்துவைத்தேன் என்று கொடுத்து, அதற்கும் உன்னிடம் தேங்க்ஸ் வாங்கிக்கொண்டேன்.

இரண்டு மாதமாக இதைச் சொல்ல நினைத்து, நீ மறுபடி கிளம்பும் தேதி உறுதியாகட்டும், டிக்கெட் வரட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இனிமேல் தள்ள இடமில்லை. நீ மேலே தனியாக இருக்கும்போது, பக்கத்திலிருந்து காற்று அடிக்கும்போது, வீட்டில் உன்னிடம் மறைத்த ஒன்று இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. சந்தேகப்படாதே என்று நான் உனக்குச் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீ நம்பவும் மாட்டாய். எஞ்சின் சத்தத்தைச் சந்தேகப்படு, மேகத்தைச் சந்தேகப்படு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று உனக்கே தோன்றினால் அதை இன்னும் கொஞ்சம் சந்தேகப்படு. ஆனால் மனிதர்கள் மேல் வருகிற சந்தேகத்தை அவர்களிடமே கொண்டுபோய்க் கேட்டுவிடு. நான் பிரியாணிக் கடையிலேயே தடுப்பைத் தாண்டி வந்து, நாலா மூணா என்று கேட்டிருந்தால் உன் லாக் புக்கில் அத்தனை வெற்றுப் பக்கம் இருந்திருக்காது. நான் மாறிவிட்டேன் என்றும் நினைத்துக்கொள்ளாதே. ஜெட்லாக் அக்காவின் புயல் கதையில் ஒரு இடம் இப்போதும் இடிக்கிறது. அடுத்த முறை கேட்கப்போகிறேன்.

காக்கா சாரின் பெயரை இங்கே எழுதவில்லை. அதை அவர்தான் உனக்குச் சொல்ல வேண்டும். கேட்டில் நேற்றே கொடுத்துவிட்டேன், வந்த காரணத்தோடு. பேர் கொடுத்திருந்தாலும் உள்ளே விடும் முன் ஒரு முறை வீட்டைக் கேட்பார்கள். பதினோரு மணிக்கு இன்டர்காம் அடிக்கும். நான் அடுப்படியில்தான் இருப்பேன், வரமாட்டேன். இந்த முறை நீ எடு.

அம்மா